மணல் மேட்டுக்கு அடியில் இருப்பது என்ன?
தோண்டாமல் அறிய உதவும் கருவிகள்

வேதாரண்யம் வட்டாரத்தில் வீடும் தோப்பும் கொல்லையும் பெரும்பாலும் மணல் மேட்டின் மேல் அமைந்திருக்கும். நெல் வயலும் உப்பளமும் பள்ளத்தில் இருக்கும். மா, முந்திரி, மல்லிகை, புகையிலை ஆகியவை மேட்டில் தேங்கும் மழைநீரை நம்பியே விளைகின்றன. மேட்டை வெட்டிச் சமப்படுத்துவது சுலபம். ஆனால் மேட்டோடு இரண்டு செல்வங்கள் போய்விடும். ஒன்று நல்ல தண்ணீர். மற்றொன்று ஊரின் பழைய வரலாறு. இவ்விரண்டையும் மண்ணைத் தோண்டாமலேயே அளந்து பார்க்க இன்று கருவிகள் உள்ளன. அவை வேலை செய்யும் விதத்தைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது பயன் தரும்.

மேடு உண்டான விதம்

இந்த மேடுகள் முன்னாளில் கடற்கரையாக இருந்தவை. அலையும் காற்றும் மணலைக் குவித்து ஒரு மேட்டை உண்டாக்கும். கடல் பின்வாங்கினால் அந்த மேடு உள்நாட்டில் நின்றுவிடும். புதிய கரையில் மற்றொரு மேடு எழும். செயற்கைக்கோள் படத்தில் இவை வரிவரியாகத் தெரிகின்றன. பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து இம்மேடுகளின் வயதைக் கரிமக் கணக்கு முறையில் ஆராய்ந்து 1998ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் உள்ள மேட்டுக்கு வயது சுமார் 6,000 ஆண்டு. கோடியக்கரை மேட்டுக்குச் சுமார் 1,000 ஆண்டு.

பூம்புகாரில் கடல் நிலத்தை அரித்து உள்ளே வந்தது. ஆகவே அங்கே பழைய ஊரின் எச்சங்களைக் கடலுக்கடியிலும் தேடுகிறார்கள். வேதாரண்யத்திலோ நிலம் கடலை நோக்கி வளர்ந்தது. இங்கே பழைய கரையோரக் குடியிருப்புகளின் எச்சம் இருக்குமானால், அது விவசாயியின் கொல்லையிலும் வயலிலும்தான் இருக்கும்.

மின்சாரம் சொல்லும் சேதி

கிணறு வெட்ட இடம் பார்க்கும் மின்தடைக் கருவியை விவசாயிகள் பலர் பார்த்திருப்பார்கள். ஒரே நேர்க்கோட்டில் நான்கு இரும்பு முளைகள் அடிக்கப்படும். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் மண்ணுக்குள் செலுத்தப்படும். உள் முளைகள் இரண்டிலும் மின்னழுத்தம் அளக்கப்படும். முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் மின்சாரம் மேலும் ஆழமாகச் சென்று வரும்.

உலர்ந்த மணல் மின்சாரத்தை மிகவும் தடுக்கும். நல்ல தண்ணீர் ஊறிய மணல் ஓரளவு தடுக்கும். உப்புநீர் ஊறிய மணல் தடையின்றி விட்டுவிடும். இந்த வேற்றுமையைக் கொண்டு எத்தனை அடி வரை நல்ல தண்ணீர், எங்கிருந்து உப்புநீர் என்று கணிக்கலாம்.

இதே கருவி வரலாற்று ஆய்வுக்கும் உதவுகிறது. செங்கல் அல்லது கல் அஸ்திவாரம் புதைந்த இடத்தில் தடை கூடும். தூர்ந்துபோன குளம், அகழி, வாய்க்கால் உள்ள இடத்தில் வண்டலும் ஈரமும் இருப்பதால் தடை குறையும். 1946ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்னும் ஊரில் புதைந்த பழங்காலப் பள்ளங்களை இம்முறையில் கண்டறிந்தார்கள். தண்ணீருக்காகச் செய்யும் சோதனையே ஊர் வரலாற்றுக்கும் சான்றாக முடியும்.

நல்ல தண்ணீரின் கணக்கு

நல்ல தண்ணீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே அதன் மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இடையில் களிமண் அடுக்கு இருந்தால் கணக்கு மாறும். மேல்மட்டம் நிலையாக 1 அடி இறங்கிப்போனால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறி வர இடம் உண்டாகும். மேட்டை வெட்டினாலும், ஆழத்தில் குழாய் இறக்கிப் பெரிய மோட்டார் வைத்து இறைத்தாலும் நேரும் ஆபத்து இதுவே. ஒரே மேட்டில் பத்துப் பேருக்குக் கொல்லை இருக்கும். அடியில் உள்ள தண்ணீர் ஒன்றுதான். ஒருவர் செய்யும் தவறு பத்துப் பேரின் கேணியையும் உவராக்கிவிடும்.

காந்தமானியும் ராடாரும்

சுட்ட மண்ணுக்குச் சிறிது காந்தத் தன்மை உண்டு. செங்கல் சூளை, உலை, அடுப்பு புதைந்த இடத்தைக் காந்தமானி காட்டிக்கொடுக்கும். ராடார் கருவி வானொலி அலையை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும். உலர்ந்த மணலில் இது நன்றாக வேலை செய்யும். உப்பேறிய களிமண் அலையை விழுங்கிவிடும். ஆகவே ராடார் மேட்டுக்கு ஏற்றது. உப்பளப் பள்ளத்துக்குப் பயன்படாது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2019ஆம் ஆண்டு அகழாய்வின்போது இத்தகைய கருவிகளின் உதவியைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பெற்றது.

கருவிக்குத் தெரியாதது

கருவி காட்டுவது குறிப்பு மட்டுமே. புதைந்த இரும்புக் குழாயும் கம்பி வேலியும் அதை ஏமாற்றும். நேற்றைய செங்கல் குவியலையும் நூற்றாண்டுகளுக்கு முந்தைய சுவரையும் அது பிரித்துச் சொல்லாது. எந்தக் குளம் எப்போது தூர்க்கப்பட்டது, எந்தத் திடலில் ஏர் ஓட்டினால் ஓடு கிளம்பும், எந்தக் கேணி கோடையிலும் இனித்தது என்பதெல்லாம் ஊராருக்குத்தான் தெரியும்.

கீழடியே இதற்குச் சான்று. 1974ஆம் ஆண்டில் அங்கே கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்கள் பற்றி மாணவர் வழியாக ஒரு பள்ளி ஆசிரியர் அறிந்தார். அகழாய்வு தொடங்கியது அதற்கு 40 ஆண்டுகள் கழித்துத்தான். முதலில் கண்டது விவசாயியின் மண்வெட்டி. கருவி பிறகு வந்தது.

காத்திருக்க எப்போதும் அவகாசம் கிடைப்பதில்லை. கோடியக்கரையில் சோழர் காலத்தது எனச் சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் சிதைந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வீசிய கஜா புயலில் இவ்வட்டாரத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு தோப்பு போனால் அதை அடையாளமாக வைத்துச் சொல்லிவந்த இடமும் மறந்துபோகும். ஆகவே ஊரார் அறிந்ததை இப்போதே வரைபடத்தில் ஏற்றிவைக்க வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. கிராம வரைபடம், புலப்படம் ஆகியவற்றின் நகல்களைப் பெற்றுக்கொள்ளவும். புலப்படத்தை வருவாய்த் துறையின் இணைய சேவையிலும் பெறலாம். முதியவர்களை உடன் அழைத்துச் சென்று, பழைய குளம், கேணி, வாய்க்கால், ஓடு கிளம்பும் திடல் ஆகியவற்றைப் புல எண்ணோடு குறிக்கவும். அவற்றின் பழம்பெயர்களையும் எழுதவும். கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. ஒவ்வொரு கேணியின் நீர்மட்டத்தையும் தை மாதத்திலும் வைகாசியிலும் அளந்து, தண்ணீரின் ருசியையும் குறித்து வரவும்.

3. மின்தடைச் சோதனைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். பார்க்க வேண்டிய ஆழத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத நீளம் நேராகத் தேவைப்படும். எனவே பக்கத்துக் கொல்லைக்காரர்களின் சம்மதத்தோடு கூட்டாகச் செய்வதே நல்லது. பயிர் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளவும். மணல் மிகவும் உலர்ந்திருந்தால் முளையடியில் சிறிது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

4. சோதனை முடிந்ததும் அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கி, ஊர் வரைபடத்தோடு சேர்த்து வைக்கவும். பின்னாளில் தண்ணீர் கெட்டால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

5. பானை ஓடு, பழைய செங்கல், உறைகிணறு தென்பட்டால் மேற்கொண்டு தோண்டாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கவும். காசு, சிலை போன்ற மதிப்புள்ள பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் கண்டெடுத்தவருக்குரிய பங்கு போவதோடு தண்டனையும் உண்டு.

பழம்பொருள் கிடைத்ததைச் சொன்னால் நிலம் பறிபோகும் என்று பலர் அஞ்சுகின்றனர். தகவல் சொன்ன மாத்திரத்தில் பட்டா மாறுவதில்லை. அரசு நிலத்தை எடுப்பதானால் அதற்குத் தனியே அறிவிப்பும் இழப்பீடும் சட்டத்தில் உள்ளன. மேற்சொன்ன கருவிகளால் பயிருக்கோ மண்ணுக்கோ சேதம் இல்லை. ஒரு மேட்டைப் பங்கிட்டுக்கொண்டுள்ள விவசாயிகள் கூடி ஒரு வரைபடம் தயாரித்தால், எங்கே இறைக்கலாம், எங்கே மேட்டைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்கே விளங்கும்.