கண்காட்சிச் சேவலும் உடற்கட்டும்

நமது அங்கத்தினருள் கழனி உடையாரும் உளர். தறி உடையாரும் உளர். ரிஷிவந்தியம் வட்டாரத்தில் இவ்விரு திறத்தார் வாசலிலும் ஒரு பஞ்சாரம் கவிழ்த்து வைத்திருக்கக் காணலாம். அண்மைக் காலத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களின்மீது பலருக்கும் நாட்டம் மிகுந்துள்ளது. திண்டுக்கல் முதலிய ஊர்களில் இவற்றிற்கெனக் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. கறிக்குப் போகும் சேவலுக்கு எடைப்படி விலை. பரிசு பெற்ற சேவலுக்கோ வளர்த்தவர் சொன்னதே விலை. எனவே கரும்புப் பணத்தில் ஒரு பகுதியை மடியில் கட்டிக்கொண்டு சேவல் வாங்கச் செல்வாரும் உளர். அத்தகையோர் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டுவன சில உண்டு.

யானும் அவ்வாறு சென்றவனே. கிளியின் அலகுபோல் வளைந்த மூக்கையும், நீண்டு விரிந்த வாலையும் கண்ட மாத்திரத்தில் மயங்கி, சேவலைக் கையால் தூக்கியும் பாராமல் விலை பேசி முடித்தேன். மறு ஆண்டு அதன் குஞ்சுகள் பதினொன்று வளர்ந்தன. மூக்கு பலவற்றிற்கு நன்றாகவே அமைந்தது. ஆனால் அவற்றுள் ஏழு மார்பு ஒடுங்கி, நடக்கையில் முழங்கால் ஒன்றோடொன்று உரச வளர்ந்தன. பிறகே தந்தைச் சேவலைத் தூக்கிப் பார்த்தேன். அதன் மார்பும் இறகுக்குள் அவ்வாறே ஒடுங்கியிருந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை, யான் கேட்கவில்லை.

நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சரிகையைப் பார்த்துச் சேலை வாங்குவோர் பலர். பாவின் நெருக்கத்தை விரலால் தொட்டுப் பார்ப்போர் சிலரே. சேவலுக்கு இறகு சரிகை, எலும்பு பாவு.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் உண்டு. கொண்டையின் வடிவம் ஓரிரு மரபணுக்களால் அமைவது. 1902-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வில்லியம் பேட்சன், மெண்டலின் மரபு விதிகள் விலங்கினங்களுக்கும் பொருந்தும் என்பதைக் கோழிக் கொண்டைகளைக் கொண்டே காட்டினார். அசில் இனத்திற்குரிய, தலையோடு படிந்த பட்டாணிக் கொண்டை, நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையை அடக்கி முதல் ஈற்றிலேயே வெளிப்படும். மார்பின் அகலமும் காலின் நேர்மையும் அத்தகையன அல்ல. அவை பல மரபணுக்கள் கூடி அமைப்பவை. தீனியும் வளர்ப்பும் அவற்றோடு சேர்கின்றன. ஆகையால் விரும்பிய கொண்டையை ஒரு தலைமுறையில் பெறலாம்; உடற்கட்டைப் பல தலைமுறை பொறுக்கியே பெறல் வேண்டும்.

கண்காட்சி என்பது இனத்தைக் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இங்கிலாந்தில் 1835-இல் சேவற்போர் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1845-இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1865-இல் இனவாரியாக இலக்கணம் வகுத்த நூலும் வெளிவந்தது. போர்ச் சேவல் வளர்த்தோர் கண்காட்சிப் பக்கம் திரும்பினர். நீண்ட காலுக்கும் நீண்ட கழுத்துக்கும் பரிசு கிடைக்கவே, அவற்றையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தனர். சில பத்தாண்டுகளில் பொய்க்கால்மேல் நிற்பது போன்ற ‘மாடர்ன் கேம்’ என்னும் புதுக் கோழி தோன்றியது. மனம் பொறாத சிலர் பழைய உடற்கட்டைத் தனியே பேணி, அதனை ‘ஓல்ட் இங்கிலீஷ் கேம்’ எனப் பெயரிட்டுக் காத்தனர். நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியுள்ளது. எனவே கண்காட்சியை நாடுவது முறையே. மூக்கும் வாலும் மட்டும் நீளுமாறு வளர்ப்பதுதான் பிழை. நமது அசிலின் இரத்தம் கார்ன்வாலுக்குச் சென்று, பிற இனங்களோடு கலந்து, ‘கார்னிஷ்’ ஆயிற்று. இன்றைய பிராய்லரின் தந்தை வழியில் அவ்வினம் உண்டு. அவர்கள் நாடியது வாலை அன்று, மார்பை.

இனிப் பார்க்கும் முறைக்கு வருவோம். முதலில் சேவலைச் சமதரையில் விட்டுப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். உரிமையாளர் கையில் இருக்கும் சேவல் எல்லாம் அழகியதே. அது தானாக நடக்கும்போது கால்கள் அகன்று ஊன்றுகின்றனவா, முழங்கால்கள் உள்நோக்கி வளைகின்றனவா என்று பார்க்க. விரல்கள் நேராக இருத்தல் வேண்டும். பின்விரல் தரையில் பின்னோக்கிப் படியாமல் பக்கவாட்டில் திரும்பியிருப்பின், ஏனைய சிறப்பு எதுவாயினும் அச்சேவலை இனப்பெருக்கத்திற்குக் கொள்ளலாகாது. மேலிருந்து பார்க்கையில் முதுகு தோளில் அகன்று, வாலை நோக்கி ஒடுங்க வேண்டும்.

பின்னர் ஒரு கையை மார்பின்கீழ் கொடுத்துத் தூக்குக. நெஞ்செலும்பின் விளிம்பை நுனி முதல் அடிவரை விரலால் தடவிப் பார்த்தல் இன்றியமையாதது. அது நேராக ஓட வேண்டும். இருபுறமும் சதை கெட்டியாக நிறைந்திருக்க வேண்டும். எலும்பு கத்திபோல் கைக்கு உறுத்தினால் தீனிக் குறையோ, பூச்சித் தொல்லையோ, பிறவி ஒடுக்கமோ என்று ஆராய வேண்டும். வளைந்த நெஞ்செலும்பு யாவும் பரம்பரைக் குற்றம் அன்று. இளங்குஞ்சுகள் மெல்லிய கம்பில் அடைந்தாலும், சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் குறைந்தாலும் எலும்பு வளையும். ஆகவே உடன்பிறந்த கோழிகளையும் காட்டச் சொல்லுங்கள். நன்றாக வளர்க்கப்பட்டும் பலவற்றில் அதே வளைவு காணின், அது வழிவழி வருவதே. உடன்பிறப்புகளைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காமல் திரும்புதல் நன்று.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம்மவர் வாக்கு. ஆயினும் சேவலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், பெட்டையைச் சந்தையில் கிடைத்த விலைக்கு வாங்கி வருகின்றனர்! குஞ்சின் உடலில் பாதி பெட்டையினுடையது. அகன்ற முதுகும், நேரான காலும், முட்டையிடும் பருவத்தில் இடுப்பெலும்புகளுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளியும் உடைய பெட்டையைத் தேடுவதற்கே அதிகக் காலம் செலவிடலாம்.

அசில் மெதுவாக முதிர்வது. ஐந்து மாதத்தில் ஒட்டகம்போல் தோன்றும் இளஞ்சேவல் ஓராண்டில் மார்பு நிரம்பி நிற்பதுண்டு. ஆதலால் விரல், கால், மூக்கு ஆகியவற்றின் குறைகளை இளமையிலேயே கண்டு விலக்குக. மார்பைப் பற்றிய தீர்ப்பை ஓராண்டு கழித்துச் சொல்லுக. காலில் எண் வளையம் இட்டு, எக்குஞ்சு எச்சேவலுடையது என்று ஒரு நோட்டில் எழுதி வருதல் வேண்டும். முதற் சேவலை நீக்கிப் புதுச் சேவலை விட்டால், மூன்று வாரம் வரையிலும் முன்னதன் விந்து பெட்டையிடம் தங்கியிருக்கலாம். அதுவரை எடுக்கும் முட்டைகளைச் சமையலுக்கு அனுப்பிவிடுக.

கண்காட்சியிலிருந்து திரும்பிய சேவலை உடனே பண்ணைக் கோழிகளோடு விடலாகாது. இருபது நாட்களேனும் தனியே கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குரிய தடுப்பூசியைப் புறப்படுவதற்கு முந்தின நாள் போட்டுப் பயனில்லை. இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுதல் வேண்டும்.