1,500 கோடி மைலுக்கு அப்பால் ஒரு வைத்தியம்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை உச்சியிலிருந்து கிளம்பும் ஒளி, அமெரிக்காவின் "வாயேஜர்-1" விண்கலத்தை எட்ட ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அவ்வளவு தூரம்!

1977-ல் புறப்பட்ட அந்தக் கலத்தின் பழைய கம்ப்யூட்டர், 2023 நவம்பரில் உளறத் தொடங்கியது. (46 வயதாகிவிட்டதே!) வந்த செய்தி எதுவும் விளங்கவில்லை. தொட்டுப் பார்க்கவா முடியும்?

2024 மார்ச்சில் விஞ்ஞானிகள் ரேடியோ மூலம் ஓர் உத்தரவு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் ஒப்பித்தது! கோளாறுக்கு முன் வந்த பழைய பிரதியோடு அதை ஒப்பிட்டார்கள். நூற்றில் 3 பங்கு கெட்டிருந்தது. ஒரே ஒரு சில்லு செய்த வேலை!

சில்லை மாற்ற வழியில்லை. அதில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நல்ல இடங்களில் எழுத முடிவாயிற்று. முதல் பகுதி ஏப்ரல் 18-ல் போயிற்று. போக 22½ மணி, பதில் வர 22½ மணி.

ஏப்ரல் 20. கலம் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொன்னது!