கருச்சிதைவுக்குப் பின் மீண்டும் கருவுறுதல்

கருச்சிதைவு அரிதான நிகழ்ச்சியன்று. கருவுற்றமை உறுதியான நூறு பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு இது நேர்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்வன. அக்காலத்துச் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் உயிரணுக்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிறழ்ந்திருத்தலாகும். மனித உயிரணுவில் இவை 46 இருத்தல் வேண்டும். சினைமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இக்கணக்குத் தவறுமாயின், கரு பெரும்பாலும் நிலைபெறுவதில்லை. படியேறியதோ, அன்றாட வீட்டுவேலை செய்ததோ இதற்குக் காரணமன்று. ஆதலின், தாயைப் பழித்தல் சிறிதும் பொருந்தாது.

மீண்டும் கருவுற எத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டும்? சிதைவுக்குப்பின் இரண்டு வாரங்களிலேயே சினைமுட்டை வெளிப்படக்கூடும். எனினும், குறைந்தது ஆறு மாதங்கள் பொறுத்தல் நன்று என 2005-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையாயிருந்த லத்தீன் அமெரிக்க ஆய்வில், தானே நேர்ந்த சிதைவும் செயற்கைக் கருக்கலைப்பும் வேறுபடுத்தப்படவில்லை. பின்னர், ஸ்காத்லாந்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குள் கருவுற்றோருக்கு மறு சிதைவு குறைவாகவே இருந்ததை அது காட்டிற்று. ஆகவே, தொடக்கக் காலத்தில் சிக்கலின்றி நேர்ந்த சிதைவாயின், உடலும் உள்ளமும் தேறிய தம்பதியர் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கு வீண் தாமதமே வாய்ப்பைக் குறைக்கக்கூடும். உதிரப்போக்கு நிற்கும்வரை மட்டும் உடலுறவைத் தவிர்த்தல் வேண்டும். இது நோய்த்தொற்றைத் தடுக்கும்.

இவ்விதிக்கு விலக்குகளும் உள. முத்துப்பிள்ளை எனப்படும் பிறழ்கருவாயின், இரத்தப் பரிசோதனைகள் சீரடைந்து மருத்துவர் இசைவளிக்கும்வரை பொறுத்தல் இன்றியமையாதது. கருப்பைக்கு வெளியே தங்கிய கருவுக்கு மெத்தோடிரெக்சேட் மருந்து பெற்றவர் குறைந்தது மூன்று மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். இரு முறையோ அதற்கு மேலோ சிதைவு நேர்ந்தால் தைராய்டுக் கோளாறு, நீரிழிவு, இரத்தம் உறையும் தன்மை, கருப்பையின் அமைப்பு முதலியவற்றை ஆராய்தல் தகும்.

காத்திருக்கும் நாள்களைவிட ஆயத்தமே முதன்மையானது. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. பலர் அதற்குள் தாம் கருவுற்றதையே அறிவதில்லை. எனவே, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்னரேனும் உட்கொள்ளத் தொடங்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். ஆதலின் அதனையும் முன்னரே கண்டறிந்து நீக்குதல் நன்று. புகையிலையைக் கணவன் மனைவி இருவருமே விலக்குதல் வேண்டும்.

ஒரு முறை கருவை இழந்தோரில் பெரும்பாலோர் அடுத்த முறை நலமான குழந்தையைப் பெறுகின்றனர். அதுவரை அப்பெண்ணுக்கு வேண்டுவன ஆறுதலும் நல்லுணவும் தக்க மருத்துவ அறிவுரையுமேயாம். இவற்றை அளித்தல் குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.