சுமைதாங்கியில் இருக்கும் பேய் யார்?

புத்தூர்ச் சந்தியில் ஒரு பழைய தேத்தண்ணிக் கடை. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து, பஸ் வரும்வரை நானும் குழுச் சகோதரிகள் மூவரும் அங்கே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. வாங்கில் இருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்தார்.

"எங்கை பிள்ளையள் போறியள்?"

"நெல்லியடிக்கு அப்பு."

"அப்ப வல்லை வெளியாலை போகவேணும். முனியப்பரைக் கும்பிட்டுட்டுப் போங்கோ."

யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில் பயணம் செய்தவர்களுக்கு வல்லை வெளி தெரியாமல் இராது. புத்தூர், ஆவரங்கால் ஊர்களைத் தாண்டினால் வீடு வாசல் இல்லாத உவர்வெளி. நடுவே தொண்டைமானாறு கடல்நீரேரி. இன்றும் முனியப்பர் கோயிலடியில் வாகனத்தை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவோர் உண்டு.

மாட்டு வண்டில் ஓடிய காலத்தில் அந்த வெளியை இரவில் கடக்க எல்லோருக்கும் அச்சம். மாடுகள் திடீரென நின்றுவிடுமாம். வெள்ளை உடுத்த பெண் ஒருத்தி சுண்ணாம்பு கேட்பாளாம். தூரத்தில் கொள்ளிவாய்ப் பேய் எரிந்து எரிந்து அணையுமாம். சதுப்பு நிலத்தில் எழும் வாயுவே அவ்வாறு ஒளிர்கின்றது என விஞ்ஞானம் விளக்கம் கூறுகின்றது. இறைச்சிக்கறி கொண்டு போவோர் பேய் தொடராதிருக்கக் கரித்துண்டும் இரும்பாணியும் கூட வைப்பார்கள். எங்கள் அம்மம்மாவும் அப்படித்தான் செய்வா.

இப்படியான கதைகள் பிறந்து வளர்ந்த இடங்கள் தெருவோரத் தேநீர்க் கடைகளும் மடங்களுமே. பேய்க்கு அஞ்சியவர் விடியும்வரை கடை வாங்கிலேயே இருந்துவிடுவார். இன்னொரு தேத்தண்ணி விற்கும்; இன்னொரு கதையும் வளரும்.

எங்களோடு வந்த சகோதரி ஒருத்தி அன்று பேசாமலே இருந்தாள். போரின் கடைசிக் காலத்தில் அவளுடைய கணவர் காணாமற் போனார். அதன்பின் இரவில் அலறி எழும்புவாள். கை கால் நடுங்கும். "சுமைதாங்கிப் பேய் பிடிச்சிட்டுது" என்று உறவினர் முடிவு செய்தனர். வேப்பங்குழையால் அடித்தும் பார்த்தனர். நல்ல காரியங்களுக்கு அவளை யாரும் அழைப்பதில்லை.

அந்தப் பேய் யார்?

சுமைதாங்கி என்பது நிமிர்த்தி நாட்டிய இரு கற்களும் அவற்றின் மேல் கிடையாக வைத்த ஒரு கல்லும்தான். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கலாம். இளைப்பாறிய பின் தாமே ஏற்றலாம். பெரும்பாலும் அருகே கேணியும் மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும் மரநிழலும் இருக்கும். பருத்தித்துறையில் வீதிக்குக் குறுக்காகக் கூரை போட்டுக் கட்டிய தெருமூடிமடமும் இத்தகைய தர்மமே.

பிள்ளை வயிற்றில் இருக்க இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது எம்மவர் வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் அவள். பிறர் அங்கே சுமை இறக்கும்போதெல்லாம் அவளுடைய சுமையும் குறையும் என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கையிலிருந்தே அவள் அங்கே பேயாக நிற்கின்றாள் என்ற பயமும் வந்தது.

அப்படி இறந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். 1930களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தனர். 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு முறை, வீடு தேடி வரும் மருத்துவிச்சிமார், புத்தூர் மெதடிஸ்த ஆஸ்பத்திரி போன்ற வைத்தியசாலைகள் ஆகியவற்றால் நிலைமை மாறியது. 2010களில் இத்தொகை 40க்கும் கீழே வந்துவிட்டது. பேய் என்று நாம் பயந்தது வைத்தியம் கிடைக்காமல் இறந்த எங்கள் பூட்டிமாரை.

இது எமக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பிள்ளைப்பேற்றில் இறந்தவளைப் 'பொந்தியானாக்' என்ற பேயாகச் சொல்வர். அவளுடைய பிடரியில் ஆணி அடித்தால் அடங்குவாளாம். ஆணி அடிக்கும் வழக்கம் எம்மிடமும் உண்டு. ஆனால் கல் நாட்டி, அவள் பெயரால் வழிப்போக்கரின் களைப்பாற்றவும் எம்மவர் அறிந்திருந்தனர்.

பேசாமல் இருந்த சகோதரி அந்த முதியவரிடம் திடீரெனக் கேட்டாள்:

"அப்பு, அந்தச் சுமைதாங்கிப் பேய் உங்களை எப்பவாவது ஏதும் செய்ததோ?"

அவர் சற்று யோசித்தார். "ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. தோட்டத்தாலை புகையிலைப் பாடம் தூக்கிக்கொண்டு வரேக்கை இறக்கி வைக்க இடம் தந்தது. அவ்வளவுதான்."

பஸ்ஸில் என் பக்கத்து ஆசனத்தில் இருந்து, முதன்முறையாக அவள் கணவரைப் பற்றி வாய் திறந்தாள். வல்லைப் பாலம் கடந்ததையும் நாங்கள் கவனிக்கவில்லை.

போர் எமது மக்களின் மனங்களில் விட்ட வடுக்களை ஆராய்ந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மருந்தோடு உறவினரின் ஆதரவும் சடங்குகளும் ஆறுதல் தருவதை எடுத்துக் காட்டியுள்ளார். நித்திரையின்மை, நடுக்கம், திடீர்ப் பயம் என்பன பேரிழப்பின் பின் வரக்கூடியவை. அவை நீடித்தால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. அடி மட்டும் வேண்டாம்.

சகோதரிகளே, காணாமற் போனவருக்குக் கல் நாட்ட மனம் வராது; அவர் வருவார் என்றே மனம் சொல்லும். அந்தச் சுமையை இறக்கக் கல் இல்லாவிட்டால் நாங்கள் இருக்கின்றோம். அயலில் ஒருத்தி இரவில் அலறினால் "பேய்" என்று படலையைச் சாத்தாதீர்கள். ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருங்கள்.