மருந்து அள்ளும் கைக்குக் கருவியும் வேண்டும்

புறநானூற்றின் 326-ஆம் பாட்டைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். அந்தத் தங்கால் நம் திருத்தங்கல்தான் என்பர் தமிழறிஞர். பொன்னின் மாற்றறிய பொற்கொல்லர் அதை உருக்க வேண்டியதில்லை. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்படி ஒரு பொருளின் ஒளியையும் நிறத்தையும் வெப்பத்தையும் அளந்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டறிவதைப் பல்கலைக்கழகங்களில் பகுப்பாய்வின் இயற்பியல் முறைகள் என்று கற்பிக்கிறார்கள். முதுகலை வேதியியல் மாணவர்கள் படிக்கும் பாடம் இது. பட்டாசு மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான படிப்பு இருக்க முடியாது.

பேரியம் பச்சையாக எரியும், ஸ்ட்ரான்சியம் சிவப்பு, தாமிரம் நீலம், சோடியம் மஞ்சள். இதை நம் தெருப் பெண்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பேன்சி ரகம் செய்தே அறிந்தார்கள். ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. கொஞ்சம் சோடியம் கலந்தாலே அதன் மஞ்சள் மற்ற நிறங்களை மூடிவிடும். 1859-60-இல் ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும் சுடரின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் தெரிந்தன. சோடியத்துக்கு 589 நானோமீட்டரில் கோடு, பேரியத்துக்கு 553.5-இல். கோட்டின் பிரகாசத்தை அளந்தால், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்தக் கோட்டில்தான் நம் அடுப்பெரிவதும் இருக்கிறது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டு இறுதியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலியிழந்தவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் சிபிஐ நீதிமன்றத்தில் அளித்த அறிக்கை, பரிசோதித்த மாதிரிகளில் பேரியம் இருந்ததாகச் சொன்னது. பசுமைப் பட்டாசுக்காக நீரி நிறுவனம் மூலப்பொருள்களைச் சோதிக்கும் வசதியைச் சிவகாசியிலேயே அமைத்தது. ஆக, ஓர் ஆலை ஓடுவதா நிற்பதா என்பதை ஆய்வகக் கருவி காட்டும் கோடு முடிவு செய்கிறது. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் நம் வீட்டில் உண்டா?

உயிருக்கும் இதே கேள்விதான். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளத்திலும் நடந்த வெடி விபத்துகளை நாம் மறக்கவில்லை. பட்டாசு மருந்தின் தன்மை அப்படி. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால், யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் சூடேறும். எந்தக் கலவை எந்த வெப்பத்தில் தானாகச் சூடு கக்கத் தொடங்கும் என்பதை, சில மில்லிகிராம் மருந்தைக் கொண்டே வெப்பப் பகுப்பாய்வுக் கருவி காட்டிவிடும். அந்த அறிவு மருந்துக் கலவை அறை வரைக்கும் வந்தாக வேண்டும். விபத்துக்குப் பிறகு நிவாரணம் கேட்டு நிற்கும் நாம், விபத்துக்கு முன்பே கலவையைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடத்துக்கு வர வேண்டும்.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே நமக்கு ஒரு முன்னவர் இருக்கிறார். மேகநாத் சாகா, 1893-இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட சிறு கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். கல்கத்தாவில் படித்தபோது, விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தார்கள். அவர்தான் 1920-இல், எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தார். விண்மீன்களில் என்னென்ன இருக்கின்றன என்று அறிய உதவிய சமன்பாடு அது. இன்று பிளாஸ்மா நிறமாலைக் கருவியில் பேரியம் 455.4 நானோமீட்டரில் ஏன் அவ்வளவு வலுவாக ஒளிர்கிறது என்பதற்கும் அதுவே விளக்கம். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரின் கணக்கில்லாமல் இந்தப் பாடத்தை முழுமையாக நடத்த முடியாது.

தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மேல்நிலைக் கல்விக்கான உதவித்தொகையும் உண்டு. ஆனால் இடம் கிடைப்பதோடு இந்தப் படிப்பு முடிவதில்லை. கருவியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, வரைபடத்தை மனப்பாடம் செய்து தேர்வெழுதினால் பட்டம் வரும், வேலை வராது. கருவி விலை அதிகம், மாணவர் கையில் கொடுக்க முடியாது என்ற பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை. மாவட்டத்தில் உள்ள சோதனைக்கூடங்களில் நம் மாணவர்கள் ஒரு பருவமாவது அமர்ந்து, மாதிரி தயாரிப்பதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை பழக வேண்டும். அதற்கான பயிற்சித் தொகையைத் தாட்கோ வழியாக அரசு வழங்க வேண்டும். ஆலைப் பாதுகாப்பு அலுவலர், ஆய்வக உதவியாளர் வேலைகளில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் எடுத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த மாதமே ஆலைக்கு அனுப்பிவிடாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தை எழுத உதவி வேண்டுமென்றால் நம் தெருவில் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக நாம் அள்ளிய மருந்து அது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அறிக்கையில் நம் பிள்ளையின் கையெழுத்தும் இருக்கட்டும்.