புத்தளக் கரையில் இறங்கிய யாத்திரிகர்

நெடும்பயணம் செய்தோரைப் பற்றிப் பேசுமிடத்து, அவர் கடந்த தூரத்தையும் கண்ட விந்தைகளையும் எடுத்துரைத்து வியத்தலே உலக வழக்கு. எத்தனை நாடு, எத்தனை கடல், எத்தனை மலை என்று எண்ணி முடித்ததும் நூலை மூடிவிடுகிறோம். ஆயினும் நெடுவழி ஒருவனுக்குக் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது தூரத்தைப் பற்றியதன்று. உடன் வருவோரைப் பற்றியது. ஆபத்து வரும்போது முன்னே செல்பவன் யார், பின்னே நிற்பவன் யார் என்பதிலேயே தலைமை விளங்குகின்றது. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தூர தேசம் செல்லவேண்டுவதில்லை. ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் நமது புத்தளக் கரையிலேயே அச்சான்று நிகழ்ந்தது.

மொறொக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரிற் பிறந்தவர் இப்னு பதூதா. அவர் 1325ஆம் ஆண்டு, இருபத்தோராம் வயதில், மக்காவை நோக்கித் தன்னந்தனியே வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மக்காவோடு திரும்பியிருந்தால் உலகம் அவரை அறிந்திராது. எகிப்து, அரேபியா, பாரசீகம், கீழை ஆபிரிக்கா, மத்திய ஆசியா எனச் சுற்றித் தில்லியை அடைந்து, அங்கே முகம்மது பின் துக்ளக்கின் அவையில் நீதிபதியாக அமர்ந்தார். பின்னர் அம்மன்னர் அவரைச் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். அத்தூது கள்ளிக்கோட்டையிற் பேரிடருற்றது. வெள்ளிக்கிழமைத் தொழுகையை எண்ணி அவர் கரையில் தங்கியிருந்த வேளை புயல் எழுந்தது. அரசனின் பரிசில்களை ஏற்றிய கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். அவருடைய உடைமைகளும் ஆட்களும் இருந்த மற்றக் கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலோடியது. தாம் பிழைத்து, தம்மவரை இழந்து, கரையில் நின்ற அக்காட்சியை மனத்திற் கொள்க. பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள அது உதவும்.

மாலைதீவிற் சில காலம் நீதிபதியாயிருந்த பின், 1344ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மஃபர் எனப்பட்ட பாண்டி நாட்டுக் கரையை நாடிக் கப்பலேறினார். மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் அது. ஆனால் கப்பலில் வழியறிந்த மாலுமி இல்லை. ஒன்பதாம் நாள் அவர்கள் கண்டது பாண்டி நாடன்று; இலங்கை. புகைத் தூண் போல வானிற் கிளம்பி நின்ற சிவனொளிபாத மலையே அவர்களுக்கு முதலிற் புலப்பட்டது.

கரையை நெருங்கியதும் கப்பலோட்டிகள் அஞ்சினர். வணிகர் அச்சமின்றி இறங்கத்தக்க துறை அதுவன்று என்றும், அது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது என்றும், அம்மன்னரின் மரக்கலங்கள் கடலிற் கொள்ளையிடுவன என்றும் கூறினர். கரையிலே அரசனைப் பற்றிய பயம். கடலிலோ எழுந்துவரும் புயல். அவ்வேளையில் இப்னு பதூதா கப்பற்றலைவரை நோக்கி, தம்மை மட்டும் கரையிலிறக்குமாறும், அரசனிடம் யாவருக்கும் அபயம் பெற்றுத் தருவது தம் பொறுப்பு என்றும் கூறினார். கப்பலில் வந்தவருள் முதலிற் கரையில் இறங்கியவர் அவரே.

எதிர்ப்பட்ட காவலரிடம், தாம் மஃபர் சுல்தானுக்குச் சகலன் என்றும், அவரைக் காணவே செல்வதாகவும், கப்பலிலுள்ளவை அவருக்குரிய காணிக்கை என்றும் அறிவித்தார். உறவு கூறியது பொய்யன்று. அவர் தில்லியில் மணந்த பெண்ணின் உடன்பிறந்தாளே அச்சுல்தானின் மனைவி. தம்மிடமிருந்த ஒரே ஆயுதம் உறவின் பெயர் என்பதை அவர் அறிந்து, அதனை உரிய இடத்திற் பயன்படுத்தினார். துணிவு மட்டும் போதாது; துணிவுக்குப் பின்னே சிந்தனை நிற்றல் வேண்டும்.

காவலர் அவரைப் 'பத்தாலா'வுக்கு அழைத்துச் சென்றனர். அதுவே நம் புத்தளம். மரத்தால் அமைந்த மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு நகர் என அதனை அவர் வருணித்தார். கரையெங்கும் ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன. இன்று உப்பளங்களையும் களப்பையும் கண்டு பழகிய நமக்கு அக்கறுவாக் குவியல் வியப்பைத் தரும். ஆரியச்சக்கரவர்த்தி எழுந்து அவரை வரவேற்று அருகே இருத்தினார். பாரசீக மொழி அறிந்த அம்மன்னர் மூன்று நாள் அவரை விருந்தினராகப் போற்றி, தேசாந்தரங்களின் செய்திகளைக் கேட்டு மகிழ்ந்தார். தமக்கு முன் குவிந்திருந்த முத்துகளைக் காட்டி, சிறந்தனவற்றை எடுத்தும் வழங்கினார். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு அக்காலத்தே உலகப் புகழ் பெற்றது.

பின்னர், வேண்டுவதை நாணாது கேட்குமாறு மன்னர் சொன்னார். பொன்னையோ மேலும் முத்தையோ கேட்டிருக்கலாம். தாம் இத்தீவில் இறங்கியது முதல் விரும்புவது பாவா ஆதம் மலையைத் தரிசிப்பதொன்றே என்றார் யாத்திரிகர். மன்னர் அதற்கிசைந்ததும், தாம் வந்த கப்பல் அச்சமின்றிப் பாண்டி நாடு செல்ல விடை தரவேண்டும் என்றும், தாம் திரும்பி வந்தபின் அரசனின் மரக்கலம் ஒன்றில் தம்மை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் கேட்டார். தமக்கென ஒரு வரம் கேட்டவர், அதனோடு சேர்த்துத் தம்மை ஏற்றி வந்தோரின் உயிருக்கும் பொருளுக்கும் ஒரு வரம் கேட்டார் என்பதை மாணவர் கருத்திற் கொள்க.

இதன் பயன் உடனே விளைந்தது. விடை கிடைத்த செய்தியைக் கேட்ட கப்பற்றலைவர் இப்ராகீம், ஓராண்டு செல்வதாயினும் அவர் திரும்பும்வரை தாம் பாயெடுப்பதில்லை என்று கூறிவிட்டார். நம் கடலோடிகள் தண்டையல் என்றழைக்கும் அத்தகைய தலைவருக்கு ஒவ்வொரு நாளும் செலவு. ஒவ்வொரு நாளும் நட்டம். அவரை அங்கே நிறுத்தியது கட்டளையன்று, நன்றி.

மன்னர் அனுப்பிய பரிவாரமும் சிந்தனைக்குரியது. பல்லக்குச் சுமப்போரை விட, ஆண்டுதோறும் மலை யாத்திரை செய்யும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசனின் ஆட்கள் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் உடன் சென்றனர். தமிழ் மன்னர் ஒருவர், முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரை, யோகியரும் அந்தணரும் வழிகாட்ட, நாம் சிவனொளிபாதம் என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும் போற்றும் மலைக்கு அனுப்பிவைத்தார். வழி அறிந்தவரைத் துணைகொள்ளும்போது அவர் எச்சமயத்தவர் என்று அக்கால யாத்திரிகர் பார்த்திலர். வழிகாட்டியின்றிக் கடலில் ஒன்பது நாள் அலைந்தவருக்கு வழிகாட்டியின் அருமை நன்கு தெரியும்.

முதல் நாளில் மூங்கிற் றெப்பத்தில் ஓராற்றைக் கடந்தனர். பின்னர் அரசனின் எல்லையிலிருந்த மன்னார் மந்தலி என்னும் ஊரிற் சோறும் நெய்யும் மீனும் பாலுமாக விருந்து கிடைத்தது. அவ்வூரை நம் முந்தற் பகுதியோடு பொருத்துவர் ஆய்வாளர் சிலர். அடுத்துச் சேர்ந்த பந்தர் சலவாத்து என்பது சிலாபமே. புத்தளத்திலிருந்து மதுரங்குளி, முந்தல் வழியாகச் சிலாபத்துக்குப் பேருந்தில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் செல்லும் நாம், அதே நிலத்தின் மீதே செல்கின்றோம். அதற்கப்பால் யானைக் காடும் நீரோடைகளும் அட்டைகளும் இருந்தன. அட்டை கடித்தால் அதன்மேற் பிழிவதற்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்த ஊராரின் வழக்கத்தையும் அவர் குறித்துள்ளார். பிறர் பட்டறிவைக் கேட்டறிந்து கொள்வோனுக்குக் காடும் பள்ளிக்கூடமாகும்.

இரும்புச் சங்கிலிகளைப் பற்றி மலையேறினார். உச்சியில் நின்றபோது, அடிவாரத்தை மறைத்து முகில்கள் கீழே பரந்திருந்தன. பின்னர்த் தெற்கே தெவிநுவரையையும் காலியையும் கண்டு, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார். தண்டையல் இப்ராகீம் சொன்ன சொல் தவறாது காத்திருந்தார்.

கதை இங்கே முடிந்திருப்பின் இனிய கதையாக இருந்திருக்கும். ஆனால் உண்மையான பரீட்சை அதன் பின்னரே வந்தது. பாண்டி நாட்டுக் கரையை அணுகும் வேளை காற்று மிகுந்து, கப்பலில் நீர் புகுந்தது. இம்முறையும் தேர்ந்த மாலுமி இல்லை. கப்பல் ஆழமற்ற நீரிற் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். தெப்பம் ஒன்று கட்டினர். இப்னு பதூதாவுடன் தோழர் இருவரும், அக்கால வழக்கப்படி அடிமைப் பெண்கள் இருவரும் இருந்தனர். தம்மை விட்டுவிட்டுப் போகின்றீரோ என்று தோழர் கலங்கியபோது, தம் உயிரினும் அவர்தம் உயிரே பெரிதெனக் கொண்டு அவர்களையும், தாம் விரும்பிய பெண்ணையும் தெப்பத்தில் அனுப்பினார். மற்றப் பெண் தெப்பத்தின் கயிற்றைப் பற்றி நீந்திச் சென்றாள். கள்ளிக்கோட்டையில் தம்மவர் மாளத் தாம் கரையில் நின்றவர், இங்கே தம்மவர் கரைசேரத் தாம் கப்பலில் நின்றார். பழைய துயர் அவரது நெஞ்சில் உறுத்தியிருத்தல் கூடும்.

ஓராண்டும் காத்திருப்பேன் என்ற தண்டையலோ சுக்கானைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார். அவரை நாம் இகழவேண்டா. அமைதியான துறையிற் காட்டும் பற்று வேறு. மூழ்கும் கலத்திற் காட்டும் உறுதி வேறு. முன்னது பலருக்குக் கைகூடும், பின்னது சிலருக்கே. நீர் நிறைந்த கப்பலின் பின்புறத்து மேற்றளத்தில் ஏறி, விடியும்வரை அங்கிருந்தார் யாத்திரிகர். காலையில் உள்ளூரார் படகில் வந்து காப்பாற்றினர்.

இவையெல்லாம் அவரே கூறியவை. பதினோராண்டு கழிந்து 1355இல் மொறொக்கோவில் இப்னு ஜுஸைய் என்பாரைக் கொண்டு எழுதுவித்தவை. தம்மைப் பற்றித் தாமே கூறுவதை முற்றும் நம்பலாமோ என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் மாலுமியின்றிக் கடலோடிய மடமையை அவர் மறைக்கவில்லை. ஒரு பெண்ணைத் தெப்பத்திலேற்றி மற்றவளை நீந்தவிட்ட குறையையும் மறைக்கவில்லை. குறையையும் ஒளிக்காதவர் கூறும் நிறைவை நாம் பெரும்பாலும் நம்பலாம். தலைவன் என்பான் குற்றமற்ற தெய்வமல்லன். தன் தவற்றையும் கணக்கில் எழுதுபவன்.

ஆரியச்சக்கரவர்த்தி தந்த முத்துகள் என்னவாயின? பின்னொருநாள் மேலைக் கடலிற் கொள்ளையர் அவரை வளைத்து, முத்தும் மணியும் துணியும் யாவற்றையும் பறித்து, உடுத்த காற்சட்டையுடன் மட்டும் விட்டனர். புத்தளத்தின் பரிசில் கடலோடு போயிற்று. புத்தளத்திற் பெற்ற அபயமும், இப்ராகீமின் காத்திருப்பும், மூழ்கும் கலத்தில் நின்ற அந்த ஓர் இரவும் போகவில்லை. அவை இன்றும் வாசிக்கப்படுகின்றன.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். மாணவருட் பலர் நாளை புறப்படுவர். பயணம் என்பது பிறநாட்டுக்குச் செல்வது மட்டுமன்று. ஒரு வகுப்பை, ஓர் அலுவலகத்தை, ஒரு குடும்பத்தை நடத்திச் செல்வதும் பயணமே. இளைஞரே, புறப்படுமுன் வழியறிந்தவரைத் துணைகொள்வீர். அஞ்சத்தக்க கரையில் முதலில் இறங்குவீர். வரம் கிடைக்கும்போது உடன் வந்தோர்க்கும் சேர்த்துக் கேட்பீர். கலம் மூழ்கும்போது கடைசியில் இறங்குவீர். இவை நான்கும் கைவரப்பெற்றால், எத்தனை மைல் சென்றீர் என்று எவரும் கேளார். உம்மோடு வந்தவர் அனைவரும் கரைசேர்ந்தனர் என்பதே உமது பயணத்தின் கணக்காகும்.