குடிபோதையில் வந்த வண்டி மோதினால் இழப்பீடு யார் தருவது?

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில், உடலை வாங்கக் காத்திருக்கும் குடும்பத்தை ஒருவர் ஓரமாக அழைத்துப் பேசுவார். "வண்டி ஓட்டினவன் நல்லா குடிச்சிருந்தான். அதனால இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா தரமாட்டான். ஓனர் ஐம்பதாயிரம் தர்றேன்றார், வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுங்க." அழுது ஓய்ந்த நேரத்தில் நீட்டப்படும் அந்தத் தாளில் கையெழுத்திடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லப்பட்டது தவறான தகவல்.

ஓட்டுநர் குடித்திருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடலாமா?

குடித்துவிட்டு ஓட்டியவர் தன் காரின் சேதத்துக்குப் பணம் கேட்டால் நிறுவனம் மறுக்கலாம். அவரால் அடிபட்டவரின் நிலை வேறு. சாலையோரம் நடந்துபோனவருக்கும், எதிரே பைக்கில் வந்தவருக்கும் அந்த பாலிசி ஒப்பந்தத்தில் எந்தப் பங்கும் இல்லை. வண்டியின் உரிமையாளர் நிபந்தனையை மீறியதற்கு அவர்களைத் தண்டிக்க முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனங்கள் முன்வைக்கக்கூடிய எதிர்வாதங்களில் போதையில் ஓட்டுவதும் சேர்ந்தது. இப்போது நிறுவனங்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். ஆனால் கேரள உயர் நீதிமன்றம் 2023இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2025இலும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன: நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அந்த வசூல் அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். உங்கள் பணம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓட்டுநர் ஓடிவிட்டு இரண்டு நாள் கழித்துச் சரணடைந்தார். ரத்தப் பரிசோதனை இல்லை. வழக்கு நிற்குமா?

நிற்கும். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிற கணக்கு, தண்டனை வழங்கும் நீதிமன்றத்துக்கானது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்ப்பது அவர் கவனக்குறைவாக ஓட்டினாரா என்பதைத்தான். அதற்குக் கடுகளவும் சந்தேகமில்லாத நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது போதும். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு தள்ளுபடியாகிவிடாது.

போதைக்கு ஆதாரம் கிடைத்தால் நல்லதுதான். ஓட்டுநரும் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்திருந்தால், விபத்துப் பதிவேட்டில் மது வாடை பற்றி மருத்துவர் குறித்திருக்கக்கூடும். 'ஏ.ஆர். காப்பி' என்று ஊழியர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் வழக்கறிஞர் அதைத் தீர்ப்பாயம் மூலம் வரவழைக்கலாம்.

குடித்து மோதியதால் கூடுதல் தொகை உண்டா?

இல்லை. குடித்தவரைத் தண்டிப்பதற்காக இழப்பீட்டை உயர்த்தும் வழக்கம் நம் தீர்ப்பாயங்களில் கிடையாது. குடும்பம் இழந்ததற்கு ஈடான நியாயமான தொகை என்பதுதான் அளவுகோல். எனக்கு இது குறையாகவே படுகிறது. ஆனாலும் அந்த நியாயமான தொகையே பலர் நினைப்பதைவிட மிகப் பெரியது.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கும் 34 வயது கொத்தனார் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர். சொந்தமாகத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. ஆக 25,200. அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழிந்தால் 18,900, ஆண்டுக்கு 2,26,800. அவர் வயதுக்கு உரிய பெருக்கல் எண் 16. மொத்தம் 36,28,800 ரூபாய்.

ஈமச்சடங்குச் செலவு, மனைவியும் பிள்ளைகளும் தாயும் அவருடைய துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல். சம்பளச் சீட்டு இல்லையென்றாலும் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும். பிணவறை வாசலில் பேசப்பட்ட ஐம்பதாயிரத்தை இந்தத் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உயிர் பிழைத்தவர்கள் மருந்துக்கடை ரசீது முதல் ஆட்டோ செலவு வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழுவின் சான்று அவசியம்.

எங்கே, எப்போது மனு செய்வது?

விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வசிக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சேலத்துக்காரர் விழுப்புரத்தில் அடிபட்டாலும் சேலத்திலேயே வழக்கு நடத்தலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். இந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்றாலும், அவற்றை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால்? வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்?

இன்சூரன்ஸ் இல்லையென்றால் உரிமையாளரே கொடுக்க வேண்டும். அவர் ஈட்டுப் பிணை தராதவரை வண்டியை விடுவிக்கக் கூடாது, ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று விதி கொண்டுவரும்படி 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனவே காவல் நிலையத்தில் வண்டி நிற்கும்போதே விசாரியுங்கள்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே?

மருத்துவமனையில் தேடிவரும் புரோக்கர் நீட்டும் வக்காலத்தில் கையெழுத்திட வேண்டாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு, நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே வழக்கறிஞர் இலவசம்.